பழைய பிக்கப் வண்டியின் புகைக்குழாய்ச் சத்தம்



பயிரையும் பூச்சியையும் பற்றிப் பேசுகிற மனுஷன் இன்றைக்கு வண்டிச் சைலன்சரைப் பிடித்துக்கொண்டாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு தக்காளிப் பருவத்தில், தெரிந்த விவசாயி ஒருவரின் பிக்கப்பில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். முன்பக்கம் ஜீப் மாதிரி இருக்கிற பழைய டீசல் வண்டி. 1980-களில் ஓட ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது. விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினோம். ஊர் நாய்கள் அத்தனையும் எழுந்து குரைத்தன. வழியெல்லாம் சைகையிலேதான் பேச்சு. நடுவில் அவருடைய பையன், பத்து வயசு இருக்கும், அந்தச் சத்தத்திலும் சுருண்டு தூங்கினான். மார்க்கெட்டில் எழுப்பினால், "தலை வலிக்குதுப்பா" என்றான். இறங்கினதும் வாந்தி எடுத்தான்.

"தூக்கம் கெட்டுப்போச்சு சார், அதான்" என்றார் அப்பா. நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் எனக்கும் நெற்றிப்பொட்டு கனத்துக் கிடந்தது. கியர் லீவரைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்து, அந்த வழியாகப் புகை வாடை வந்ததை வழியிலேயே கவனித்திருந்தேன். டார்ச் அடித்து அடியில் பார்த்தோம். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டும் கீழே இறங்கும் குழாயும் சேருகிற இடத்தில் ஒரு நட்டைக் காணோம். சுற்றிலும் கரி அப்பியிருந்தது.

சத்தம் வெளியே வருகிற ஓட்டை வழியாகத்தான் புகையும் வருகிறது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் முதலில் வரும்; அதிகமானால் ஆளையே கொல்லும். டீசல் புகையில் இது குறைவு, பெட்ரோல் வண்டியில் மிக அதிகம். டீசல்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்தக் கரிப்புகை நுரையீரலுக்கு ஆகாது. தார்ப்பாய் போட்ட பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றவே கூடாது. வண்டி ஓடும்போது புகை பின்னாலிருந்து உள்ளேயே சுழன்று வரும்.

சத்தம் கூடினால் நம்மவர்கள் நேராகப் போய்ப் புது சைலன்சர் வாங்குகிறார்கள். பாதிப்பேர் பணம் அங்கேதான் வீண். முதலில் ஒழுக்கைக் கண்டுபிடியுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பானட்டைத் திறந்து கேளுங்கள். "டிக் டிக்" என்று அடித்து, சூடேறினதும் சத்தம் குறைந்தால் மேனிஃபோல்டு பேக்கிங் போயிருக்கிறது என்று அர்த்தம். இரும்பு சூட்டில் விரிந்து சந்தை அடைத்துக்கொள்வதால்தான் அப்படி. அடுத்தது குழாய். வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் நனைந்த சாக்கைப் பின்குழாய் வாயில் சில விநாடி மட்டும் அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று காதைக் கொடுத்தால், எங்கே "உஸ்" என்று சீறுகிறதோ அங்கேதான் ஒழுக்கு. இதைக் கொட்டகைக்குள் செய்யாதீர்கள், வெட்டவெளியில் செய்யுங்கள்.

நட்டைக் கழற்றுவதற்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப் போடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் உடைந்து, ஐந்து நிமிஷ வேலை ஐந்து நாள் வேலையாகிவிடும். பழைய பேக்கிங்கில் கல்நார் இருக்கக்கூடும். காய்ந்தபடி சுரண்டித் தூசியை ஊதாமல், தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுங்கள். புது பேக்கிங் வைத்து நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் சமமாக முறுக்க வேண்டும். நாலைந்து நாள் ஓட்டினபிறகு, எஞ்சின் ஆறினதும் ஒருதரம் முறுக்கிப் பாருங்கள்.

இனி சைலன்சர். அது வெளியே துருப்பிடிப்பதைவிட உள்ளேதான் அதிகம் துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. பலர் இதை நம்ப மாட்டார்கள். தோட்டத்துக்கும் வீட்டுக்குமாகக் குட்டி ஓட்டம் ஓடுகிற வண்டியில் குழாய் முழுச் சூடு ஏறுவதில்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகத் தேங்கி, புகையின் கந்தகத்தோடு சேர்ந்து புளித்த நீராகித் தகட்டை அரிக்கிறது. சில சைலன்சர்களின் அடியில் சின்னத் துவாரம் இருப்பது இந்தத் தண்ணீர் வடியத்தான். ஓட்டை என்று நினைத்து அதை வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள். குச்சியால் தட்டிப் பாருங்கள். உள்ளே தகடு கழன்று கலகலத்தால் அந்த சைலன்சரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது குழாயின் வாய் அளவு பழையதற்குக் குறையாமலும், டப்பா எஞ்சின் கொள்ளளவைப்போலச் சில மடங்கு பெரியதாகவும் இருக்கட்டும். அலை உள்ளே விரிந்து அடங்க இடம் வேண்டுமல்லவா?

குழாய் வாயில் இரும்பு நாரைத் திணிப்பது, வாயைத் தட்டிக் குறுக்குவது, மோட்டார் சைக்கிள் சைலன்சரை மாட்டுவது, இவையெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டை தூக்குவது மாதிரி. புகை போக வழியில்லாமல் இழுவை குறையும், டீசல் கூடும், வால்வு சூடேறிக் கெடும். சைலன்சரையே கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்று சொல்கிற மெக்கானிக்குகளும் உண்டு. நல்ல சைலன்சர் எஞ்சினுக்குப் பெரிய பாரமில்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, டிராக்டர் உட்பட எல்லா வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது.

குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்தால் கம்பியால் கட்டாதீர்கள். அதிர்வு முழுவதும் பாடிக்கு ஏறி, குழாய்க்கும் விரிசல் விழும். பழைய டயரில் பட்டை வெட்டி இரண்டு போல்ட் போட்டால் நன்றாகத் தாங்கும், சூட்டுக்கு மட்டும் விலகி இருக்கட்டும். பின்குழாய் வாய் பாடியைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். வெல்டிங் வைத்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், டீசல் டாங்க் பக்கம் வேண்டவே வேண்டாம்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கணக்கு. 88 ஆனால் 4 மணி, 91 ஆனால் 2 மணி. வலி இல்லாமலே கேள்வி குறையும். "பேசுறது கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பார்கள். அப்படிப் போன காது திரும்பி வராது.

அந்த விவசாயி ஒரு நட்டும் பேக்கிங்கும் கியர் லீவர் உறையும்தான் மாற்றினார். சைலன்சரைத் தொடவேயில்லை. அடுத்த தடவை போனபோது, தக்காளி விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. பையனும் முழித்துக்கொண்டு வந்தான். நாய்கள் மட்டும் வழக்கம்போலக் குரைத்தன.