தாய்மொழி உரிமை நமக்கு மட்டும்தானா?
(சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் பாலக்காட்டு எல்லையிலும் வாழும் நாம் தமிழ்ப் பள்ளி கேட்கிறோம், தமிழ் ஆசிரியர் கேட்கிறோம். இது சலுகை அல்ல. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது.

அப்படியானால் அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் பிள்ளைகளுக்கும், இடமலக்குடியின் முதுவர் பிள்ளைகளுக்கும் அதே நியாயம் வேண்டாமா?

1951-ல் அட்டப்பாடி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆதிவாசிகள். 2001-ல் ஏறக்குறைய நாற்பது பேர்தான். மலையாளிகளும் தமிழரும் குடியேறினர், நிலம் கைமாறியது. சந்தையிலும் பள்ளியிலும் வந்தவர்களின் மொழியே ஓங்கியது. இருளர் பேச்சு வீட்டுக்குள் ஒதுங்கியது.

மொழி ஒதுங்கினால் அறிவும் ஒதுங்கும். இருளர் ஊரில் மூப்பன், குறுதலை, பண்டாரி, மண்ணுக்காரன் என்று பொறுப்பாளர்கள் உண்டு. விதைப்பின் பொறுப்பு மண்ணுக்காரனுடையது. ராகியும் சாமையும் தினையும் விளைவிக்கும் பக்குவம் தாத்தா பேரனுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்தது. நிலமும் தானியமும் கைவிட்டுப் போன அட்டப்பாடியில், 2013-ல் ஊட்டமின்றிப் பச்சிளங்குழந்தைகள் மடிந்ததை நாடே பார்த்தது. 2017-ல் கேரள அரசு அங்கே சிறுதானியத் திட்டம் தொடங்கியது. விதையை அரசு தரலாம். அதன் பக்குவத்தைப் பெரியவர்கள்தான் தர முடியும்.

முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. அதைக் கொச்சைத் தமிழ் என்று நம் பிள்ளைகள் சிரிக்கலாமா? தோட்டத் தமிழைக் கேலி செய்தால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அட்டப்பாடி நஞ்சம்மா இருளமொழியில் பாடி 2022-ல் தேசிய விருது பெற்றார். நாமும் கைதட்டினோம். ஆனால் விருது மட்டும் மொழியைக் காப்பாற்றாது. குழந்தைகள் பேச வேண்டும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-ல் 'மொழிக்கூடு' என்ற மழலைப் பள்ளிகளைத் தொடங்கினர். பாட்டிமார் அங்கே அமர்ந்து குழந்தைகளிடம் மாவோரியிலேயே பேசினர். 1987-ல் மாவோரி அங்கே ஆட்சிமொழியானது. கேரளத்திலும் வழி இருக்கிறது: வயநாட்டுப் பள்ளிகளில் ஆதிவாசி இளைஞர்களையே துணை ஆசிரியர்களாக அமர்த்தும் 'கோத்ரபந்து' திட்டம் 2017-ல் தொடங்கியது.

ஆகவே நம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்ப்போம்: ஆதிவாசிப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் அவர்கள் மொழி அறிந்த ஆசிரியர் வேண்டும். மூப்பர்களும் பாட்டிமாரும் பள்ளிக்கு வந்து சொல்லித்தர வேண்டும். அன்றைய கூலியை அரசு தர வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் தமிழுக்காக எழும் நம் குரல் இதற்கும் எழட்டும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் மொழிக்கு மறுக்கப்படும் உரிமை, நாளை நம் மொழிக்கும் மறுக்கப்படும். ஒன்றாகக் கேட்போம்!