வால்மீனுக்குப் பக்கத்தில் தெரிந்தது என்ன?



1996 நவம்பர் 14 இரவு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். பொழுதுபோக்காக வானத்தைப் பார்த்துவந்த ஒருவர், தன் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி ஹேல்-பாப் வால்மீனைப் படமெடுத்தார். படத்தில் வால்மீனுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. பளிச்சென்று, இருபுறமும் கோடு நீட்டிக்கொண்டு, பார்க்கச் சனிக்கிரகம் போல. கணினியில் நட்சத்திர வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அந்த இடம் காலி. மனிதர் அன்றிரவே ஆர்ட் பெல் என்பவர் நடத்திவந்த நள்ளிரவு நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார். அது வானொலி நிகழ்ச்சி. அமெரிக்கா முழுக்கக் கேட்கப்பட்டது. ஒரு படத்தைப் பற்றிய பரபரப்பு, படமே காட்ட முடியாத ஊடகத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. இதை இன்னொரு வானொலியில் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வால்மீனைத் தொடர்ந்து மாபெரும் விண்கலம் வருகிறது என்று பேச்சு கிளம்பியது. 1995 ஜூலை 23 அன்று தாமஸ் பாப்பும் ஆலன் ஹேலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த வால்மீன் அது. ஹேல் இந்த விவகாரத்துக்கு உடனே பதில் சொன்னார். பக்கத்தில் தெரிவது எஸ்.ஏ.ஓ. 141894 என்ற எண் கொண்ட சாதாரண நட்சத்திரம். வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தப் படத்தில் இருந்த மற்ற நட்சத்திரங்களைவிடப் பிரகாசமானது. பிரகாசமான புள்ளியின் ஒளி தொலைநோக்கிக்குள் சிதறிக் கோடாக நீளும். சனியின் வளையம் போலத் தெரிந்தது அந்தக் கோடுதான். வரைபடத்தில் நட்சத்திரம் இல்லாமல் போனதற்குக் காரணம், மென்பொருளில் அமைப்பைச் சரியாக வைக்காதது.

விஷயம் அதோடு முடியவில்லை. 1997 ஜனவரியில் அதே ஆர்ட் பெல்லின் இணையதளத்தில் இன்னொரு படம் வெளியானது. பெயர் சொல்ல விரும்பாத பெரிய வானியலர் ஒருவர் எடுத்தது என்றார்கள். வால்மீனுக்கு அருகில் உருண்டையாக ஒரு பொருள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் டேவிட் தோலன், ஒலிவியே ஐனோ இருவருக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் பொறி தட்டியது. 1995 செப்டம்பரில் அவர்களே எடுத்த படம் அது! நட்சத்திரம் ஒவ்வொன்றும் அதே இடத்தில் இருந்தது. உருண்டையை மட்டும் யாரோ பிறகு ஒட்டியிருந்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முதல் படம் அறியாமல் நேர்ந்த பிழை, இரண்டாவது திட்டமிட்ட மோசடி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு சமயக் குழுவைச் சேர்ந்த 39 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். வால்மீனோடு வரும் விண்கலம் தங்களை ஏற்றிக்கொண்டு போகும் என்று நம்பியவர்கள். அவர்களுடைய நம்பிக்கை மிகப் பழையது, ஒரு படத்தால் உண்டானதல்ல. ஆனாலும் அந்த மாதங்களில் காற்றில் மிதந்த பேச்சு அதற்குத் தூபம் போட்டது.

சரி, நேர்மையாக எடுத்த படம்கூட ஏன் விசித்திரமாகத் தெரிகிறது?

படம் என்றால் ஒரு கணத்தை அப்படியே பிடித்துவைப்பது என்று நமக்குள் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கல்யாண ஆல்பம் பார்த்து வந்த எண்ணம் அது. வால்மீன் படத்துக்கு அது பொருந்தாது. மங்கலான பொருளின் ஒளியைச் சேகரிக்கக் கேமராவின் ஷட்டர் நிமிடக்கணக்கில் திறந்திருக்கும். அதற்குள் பூமி சுழல்கிறது, வால்மீனும் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்கிறது. தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்தால் வால்மீன் கோடாக இழுபடும். வால்மீனைப் பின்தொடர்ந்தால் நட்சத்திரங்கள் கோடுகளாகும். இரண்டும் ஒருசேர அசையாமல் நிற்க வழியே இல்லை.

2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த 3ஐ/அட்லஸ் நல்ல உதாரணம். நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது உறுதியான மூன்றாவது பொருள் அது. ஜூலை 21 அன்று, 44 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்தது. வால்மீன் கண்ணீர்த்துளி வடிவில் நடுவே நிற்க, சுற்றிலும் நட்சத்திரங்கள் கீறல் கீறலாக ஓடின. கீறல்களை வேகத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. வேகம் உண்மைதான், மணிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஆனால் படத்தில் கீறல் விழ அவ்வளவு வேகம் தேவையே இல்லை. நம் சூரியக் குடும்பத்து வால்மீனைப் பின்தொடர்ந்து படமெடுத்தாலும் நட்சத்திரங்கள் அப்படித்தான் கீறும்.

ஹப்பிளுக்குத் தனியாக இன்னொரு சங்கடம் இருக்கிறது. அது நின்ற இடத்தில் நிற்பதில்லை, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருகிறது. பார்க்கும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் வால்மீனின் தடம் வளைந்துகூடத் தெரியும். 2013-இல் ஐசான் வால்மீனுக்கு நேர்ந்தது இதுதான். அந்த ஆண்டு ஏப்ரலில் ஹப்பிள் எடுத்த படங்கள் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அடுத்தடுத்து எடுத்த படங்களை நட்சத்திரங்கள் பொருந்தும்படி மென்பொருள் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. ஒரே வால்மீன் அதில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று துண்டுகளாக விழுந்திருந்தது. யாரோ அதை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, மூன்று கலங்கள் அணிவகுத்து வருவதாகக் காணொளி போட்டுவிட்டார். ஹப்பிள் குழுவினரே உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. பாவம், அந்த ஐசான் நவம்பர் 28 அன்று சூரியனை மிக நெருங்கிச் சுற்றும்போது சிதைந்தே போனது.

நிறத்திலும் இதே கதை. பெரிய தொலைநோக்கிகளின் கேமராக்களுக்குப் பெரும்பாலும் நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு வடிகட்டியையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தனித்தனிக் கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்து, பிறகு நிறமேற்றிச் சேர்ப்பார்கள். வடிகட்டி மாறும் இடைவெளியில் வால்மீன் நகர்ந்துவிடும். வால்மீனை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், பின்னணியில் ஒவ்வொரு நட்சத்திரமும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். சிலியின் ஜெமினி தெற்குத் தொலைநோக்கி எடுத்த 3ஐ/அட்லஸ் படத்தைத் தேடிப் பாருங்கள். வானமெங்கும் வண்ணக் கீற்றுகள். பார்க்க அழகு, ஆனால் அந்தக் கீற்றுகள் விண்வெளியில் எங்கும் இல்லை. வால்மீனின் தலை பச்சையாகத் தெரிவது வேறு சங்கதி. இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு சூரிய ஒளியில் உமிழும் உண்மையான நிறம் அது.

வால்மீன் படங்கள் மட்டுமல்ல, சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் வெள்ளிக்கிரகத்துக்கு இரண்டு பக்கமும் இறக்கை முளைத்திருக்கும். அளவுக்கு மீறிய வெளிச்சம் பட்ட பிக்சல்கள் நிரம்பி, பக்கத்துப் பிக்சல்களுக்கு வழிந்த அடையாளம். பறக்கும் தட்டு என்று அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2025 அக்டோபர் 2 அன்று, செவ்வாயைச் சுற்றும் விண்கலத்தில் உள்ள ஹைரைஸ் கேமரா 3ஐ/அட்லஸைப் படமெடுத்தது. அப்போது இடையில் இருந்த தூரம் சுமார் 3 கோடி கிலோமீட்டர். அமெரிக்க அரசு நிர்வாகம் நிதி ஒப்புதல் இல்லாமல் முடங்கிக் கிடந்த நேரம் அது. படம் நவம்பர் 19 வரை வெளியாகவில்லை. அந்த இடைவெளியில் மர்மம் நன்றாக ஊதிப் பெருத்தது. நாசா எதையோ மறைக்கிறது என்றார்கள். கடைசியில் வெளியான படத்தில் இருந்தது மங்கலான வெள்ளைப் பஞ்சு உருண்டை. செவ்வாயின் தரையில் மேசை அளவுப் பாறையைக்கூடக் காட்டும் கேமராவுக்கு இது மட்டும் தெரியாதா என்று அடுத்த சந்தேகம் கிளம்பியது.

அந்தக் கேமரா செவ்வாயிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பிக்சல் சுமார் 30 சென்டிமீட்டர் தரையைக் காட்டும். 3 கோடி கிலோமீட்டர் என்பது 300 கிலோமீட்டரின் லட்சம் மடங்கு. ஆகவே 30 சென்டிமீட்டரையும் லட்சத்தால் பெருக்குங்கள். ஒரு பிக்சலுக்கு 30 கிலோமீட்டர். வால்மீனின் உட்கரு அதிகபட்சம் 5.6 கிலோமீட்டர் என்று ஹப்பிள் அளந்திருந்தது. அதாவது, மொத்த உட்கருவும் ஒரே ஒரு பிக்சலின் மூலையில் அடங்கிவிடும். படத்தில் தெரிந்தது உட்கருவைச் சுற்றிப் பரந்த தூசியும் வாயுவும். பள்ளிப் பிள்ளைகள் போடக்கூடிய பெருக்கல் கணக்கு இது. படம் வெளியிடும்போதே இதையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் பாதிச் சர்ச்சை அடங்கியிருக்கும்.

படத்தைப் பக்குவப்படுத்தும் முறைகளும் கண்ணை ஏமாற்றும். ஸ்டீபன் லார்சனும் ஸ்டெனெக் செக்கானினாவும் 1984-இல் ஒரு வேலை செய்தார்கள். 1910-இல் மவுண்ட் வில்சனில் எடுத்த ஹாலி வால்மீனின் பழைய படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு படத்தின் நகலை மையத்தைச் சுற்றிச் சிறிது திருப்பி, மூலப் படத்திலிருந்து கழித்தார்கள். சீராகப் பரவிய ஒளி மறைந்து, உட்கருவிலிருந்து பீய்ச்சும் தாரைகள் சுருள் சுருளாக வெளியே வந்தன. அருமையான உத்தி. இன்று வீட்டுக் கணினியில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், மையத்தை ஒன்றிரண்டு பிக்சல் தள்ளிக் குறித்துவிட்டால் இல்லாத தாரையும் முளைக்கும். கைதேர்ந்தவர்கள் செய்ததும் அவசரத்தில் செய்ததும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும்.

இத்தனையும் கேட்டபின், விசித்திரமெல்லாம் கேமராவின் கோளாறு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதுவும் தவறு.

1957 ஏப்ரல் கடைசியில் அரென்ட்-ரோலண்ட் வால்மீனுக்குச் சூரியனை நோக்கி ஈட்டி போல ஒரு வால் நீண்டது. வால்மீனின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான் நீளும் என்று பாடத்தில் படித்தவர்கள் திகைத்தார்கள். வால்மீன் தன் பாதையில் சிந்திப்போன கனமான தூசு மெல்லிய தகடாகப் பரவிக் கிடந்தது. பூமி அந்தத் தகட்டின் தளத்தைக் கடந்த நாளில் அதை ஓரமாகப் பார்த்தோம், கூரிய கோடாகத் தெரிந்தது. 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வால்மீனும் இதையே செய்தது. 3ஐ/அட்லஸின் சூரியப் பக்கத்து நீட்சியை வைத்து ஹார்வர்டின் அவி லோப் செயற்கைப் பொருளாக இருக்கலாமோ என்று வாதாடினார். கேள்வி கேட்பது குற்றமில்லை. ஆனால் வெயில் படும் பக்கம் சூடேறி அங்கிருந்து தூசு கிளம்புவது வால்மீன்களின் வழக்கம்தான். பெரிய துகள்களைச் சூரிய ஒளியால் சட்டென்று பின்னுக்குத் தள்ள முடியாது, அதனால் அவை கொஞ்ச தூரம் முன்புறமே பரவும்.

எல்லாவற்றையும்விட நல்ல கதை 1993 மார்ச்சில் நடந்தது. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் யூஜின் ஷூமேக்கர், அவர் மனைவி கரோலின், டேவிட் லெவி மூவரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேகம் வந்து வந்து மறைத்தது. போதாக்குறைக்கு, பிலிம் பெட்டியை யாரோ திறந்துவிட்டதில் வெளிச்சம் பட்டு ஓரமெல்லாம் கறுத்திருந்தது. நல்ல பிலிமை இந்த வானத்தில் வீணாக்குவானேன் என்று அந்தக் கெட்ட பிலிமையே போட்டு வியாழனுக்கு அருகில் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 25 அன்று கரோலின் அதை உருப்பெருக்கியில் பார்த்தார். வால்மீன் போல ஒன்று, ஆனால் யாரோ மிதித்து நசுக்கியது மாதிரி பட்டையாக.

கெட்ட பிலிம், பக்கத்தில் பளபளக்கும் வியாழன், பட்டையாக ஒரு வெளிச்சம். கோளாறு என்று தூக்கிப்போட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அவர்கள் தூக்கிப்போடவில்லை, கொண்டாடவும் இல்லை. அரிசோனாவின் கிட் பீக்கில் வேறொரு தொலைநோக்கியோடு இருந்த ஜிம் ஸ்காட்டியைப் பார்க்கச் சொன்னார்கள். வியாழனின் ஒளி பிரதிபலித்திருக்கும் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். தன் கருவியைத் திருப்பிப் பார்த்தபோது பட்டை அங்கேயும் இருந்தது. பட்டைக்குள் வரிசையாக ஒளிப்புள்ளிகள்! வியாழனின் ஈர்ப்பில் சிக்கி 1992 ஜூலையில் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்த வால்மீன் அது. 1994 ஜூலை 16 முதல் 22 வரை அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாக வியாழனில் மோதின. உலகமே பார்த்தது.

ஹூஸ்டன் படத்துக்கும் பாலோமர் படத்துக்கும் விசித்திரத்தில் வித்தியாசமில்லை. ஒன்று அன்றிரவே ஒலிபரப்பானது, மற்றொன்று வேறொருவரின் தொலைநோக்கிக்குப் போனது.

அடுத்த வால்மீன் வரும்போது உங்கள் கைப்பேசிக்கும் இப்படி ஒரு படம் வந்து சேரும். எந்தத் தொலைநோக்கி, எந்தத் தேதி, எவ்வளவு நேரம் திறந்துவைத்து எடுத்தது என்ற குறிப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹப்பிள், ஹைரைஸ் இரண்டின் மூலப்படங்களும் இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. குறிப்பு எதுவும் இல்லாமல் வரும் படத்தை, வேறொரு தொலைநோக்கியிலும் அதே பொருள் தெரிந்தது என்று செய்தி வரும்வரை, தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.