உடைக்கு விதி உண்டென்றால் கைக்கும் உண்டு



கதாபாத்திரங்களைப் போல வேஷம் கட்டும் காஸ்ப்ளே என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "இப்படி உடுத்திக்கொண்டு வந்தால் நாலு பேர் நாலு விதமாகத்தான் நடந்துகொள்வார்கள்" என்கிறார்கள். அந்த நாலு பேருக்காகப் பரிந்து பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லவே இந்த மேடை ஏறினேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த உடைகளை உருவாக்கியது யார்? 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் இளவரசி லேயாவுக்கு பிகினி மாட்டி, கழுத்தில் சங்கிலி பூட்டி உட்கார வைத்தார்கள். அந்தக் கோலத்தைப் பொம்மையாக்கி விற்றார்கள்; ரசிகர்கள் வாங்கி அலமாரியில் வைத்தார்கள். அதே உடையை ஒரு பெண் தானே செய்து போட்டுக்கொண்டு வந்தால் மட்டும் பண்பாடு பறிபோகிறதா? பொம்மை போட்டிருந்தால் ரசனை, பெண் போட்டிருந்தால் ஆபாசமா? அந்தக் கதையில் லேயா என்ன செய்கிறாள்? தன்னைப் பூட்டிய சங்கிலியாலேயே, தன்னை அடிமையாக்கிய ஜப்பாவின் கழுத்தை நெரித்துக் கொல்கிறாள். பிகினியைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சங்கிலி தெரியவில்லையே!

சூப்பர்மேன் 1938 முதல் உடம்பை ஒட்டிய உடையில்தான் பறக்கிறார். அந்த வேஷத்தில் வரும் ஆணிடம் "கொஞ்சம் தொளதொளவென்று போடக் கூடாதா தம்பி?" என்று கேட்பவர் உண்டா?

காஸ்ப்ளே வேஷங்களில் இருக்கும் உழைப்பைப் பாருங்கள். உலோகக் கவசமாகத் தெரிவது வெறும் ஃபோம் ஷீட். வெட்டி, ஹீட் கன்னால் சூடேற்றி வளைத்து, பசை போட்டு ஒட்டி, வண்ணம் பூசியிருக்கிறார்கள். வெறும் தோல் என்று நீங்கள் பதறுவது பல நேரம் தோல் நிறத்து டைட்ஸ்!

இப்படி வேஷம் கட்டி விழாவுக்கு வரும் பெண்ணுக்கு அங்கே நடப்பது என்ன? "ஒரு போட்டோ" என்று ஒருவன் கேட்கிறான். அவளும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தோளில் விழுந்த கை மெல்ல இடுப்புக்கு இறங்குகிறது. பின்னாலிருந்து இன்னொருவனின் செல்போன் முழங்கால் உயரத்துக்குத் தாழ்கிறது. சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். துரியோதனன் சபையில் துகிலில் கை வைத்தவன் ஒருவன்தான். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு என்றுதானே நம் மக்கள் சொல்கிறார்கள்?

"குழந்தைகள் வருகிற இடமாயிற்றே, வரைமுறை வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். நானும் அதைத்தான் சொல்கிறேன். டோக்கியோவில் 1975இல் தொடங்கிய காமிக் மார்க்கெட் என்ற காமிக்ஸ் விழாவில் வரைமுறை இருக்கிறது. வீட்டிலிருந்தே வேஷம் போட்டு வரக் கூடாது. அங்குள்ள அறையில்தான் மாற்ற வேண்டும். உடம்பு மிகையாகத் தெரியும் உடைக்குத் தடை. ஆனால் அதே விதிகள் கேமராக்காரரையும் கட்டுப்படுத்துகின்றன: கேட்காமல் படமெடுக்கக் கூடாது. 2023 ஜூலையில் ஜப்பான் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சம்மதமின்றி அந்தரங்க உறுப்புகளையோ உள்ளாடையையோ திருட்டுத்தனமாகப் படமெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை.

நியூயார்க்கின் காமிக் கான் விழாவில் 2014இல் பெரிய பலகைகள் வைத்தார்கள்: காஸ்ப்ளே என்பது சம்மதம் அல்ல. அந்தப் பலகை தானாக முளைக்கவில்லை. அமெரிக்கக் காமிக் திருவிழாக்களில் சீண்டப்பட்ட பெண்கள் வெளிப்படையாகப் பேசியதால் வந்தது.

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் 2024 பிப்ரவரியில் காமிக் கான் நடந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளும் வேஷம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே கேட்கிறேன்.

விழா நடத்துகிறவர்களே, உடை விதியை எழுதி முன்கூட்டியே அறிவியுங்கள்; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி வையுங்கள். அதைப் பார்க்க வேண்டியது உங்கள் ஊழியர்கள். கூட்டத்தில் நிற்பவனுக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. புகார் சொல்ல ஓரிடம் வையுங்கள், அங்கே பெண்களை உட்கார வையுங்கள். பெற்றோரே, மகளிடம் "என்ன உடுத்தினாய்?" என்று கேட்பதற்கு முன், மகனிடம் "கேட்டுவிட்டா படமெடுத்தாய்?" என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிற இளைஞனே, தப்பு நடப்பதைக் கண்டால் சத்தம் போடு!

விதியை மீறிய உடையை வாசலில் நிறுத்துகிறீர்களா? நிறுத்துங்கள். எல்லை மீறிய கையையும் அதே வாசல் வழியாக வெளியே அனுப்புங்கள். அதுவரை ஒழுக்கத்தைப் பற்றி எங்கள் பெண்களுக்குப் பாடம் நடத்தாதீர்கள்!