பழைய துணியும் பச்சை வாழைக்காயும்

நடுவர் அவர்களே! எதிரணியில் கையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கின்ற அறிஞர் பெருமக்களே! நாளைக்கு இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டு வந்திருக்கின்ற தாய்மார்களே!

குடும்பச் சுற்றுலாவில் சுகம் தருவது திட்டமிட்டதா, திட்டமிடாததா? திட்டமிடாததுதான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின ஐயா சொன்னாரு, "திட்டம் இல்லாமப் போனா நடுத்தெருவுல நிக்கணும்"னு. ஐயா, நாங்க திட்டம் போட்டுப் போயித்தான் நடுத்தெருவுல நின்னோம்! (சிரிப்பு, கைதட்டல்)

என் கொழுந்தனார் அமெரிக்காவுல அட்லாண்டாவுல இருக்காரு. எங்க மாமனார் காலமான பிறகு அத்தையைத் தன்னோட கூட்டிட்டுப் போனாரு. அத்தைக்கு அங்க மனசு ஒட்டல. ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடறதில்ல. "டிக்கெட்டை மாத்து, நான் ஊருக்குப் போறேன்" – காலையில இதுதான் சுப்ரபாதம். நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். அத்தைக்கு ஒரு மாறுதலா இருக்கட்டும்னு எல்லாருமா புளோரிடாவுக்குக் கிளம்பினோம்.

கொழுந்தனார் ஒரு அட்டவணை போட்டாரு பாருங்க! எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும், எங்க போட்டோ எடுக்கணும், ஏழு நிமிஷம் சிரிக்கணும் – எல்லாம் இருந்துச்சு. (சிரிப்பு) கீ வெஸ்ட்னு ஒரு தீவு. புளோரிடாவோட தென்கோடி. கடலுக்கு நடுவுல 113 மைல் சாலை, 42 பாலம். கடைசியில கூம்பு மாதிரி கல்லு ஒண்ணு கட்டி, 'கியூபா 90 மைல்'னு எழுதியிருக்கு. பார்த்தோம், சிரிச்சோம், திரும்பினோம். ராத்திரி 7 மணிக்கு மயாமியில கடலோரமா ஒரு பெரிய ஓட்டல்ல மேசை சொல்லி வெச்சிருந்தது. பாலத்துல வண்டி நின்னுபோச்சு. நாங்க போய்ச் சேர்ந்தப்ப எட்டேகால். மேசையை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க.

குழந்தை அழுகுது. கொழுந்தனார் அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரு. அதுல அழுகைக்கு நேரம் ஒதுக்கல. (சிரிப்பு) அத்தை மட்டும், "எனக்குப் பசிக்கல"ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

மயாமியில எட்டாம் தெரு. ஸ்பானிஷ்ல 'கய்யே ஓச்சோ'ம்பாங்க, கியூபாக்காரங்க பேட்டை. ஒரு டயர் கடைக்கும் துணி துவைக்கிற கடைக்கும் நடுவுல ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. டியூப்லைட்டு, பிளாஸ்டிக் நாற்காலி. வாசல்ல ஒரு ஜன்னல். அதுக்கு முன்னால நாலு பெரியவங்க நின்னுக்கிட்டு, விரல் கனத்துக் கப்புல காபி குடிக்கிறாங்க. ஒருத்தர் பெரிய கப்புல வாங்கி, மத்தவங்களுக்கு ஊத்திக் குடுக்கிறாரு. காபி இறங்குற முதல் சொட்டுல சர்க்கரையைப் போட்டு நுரை வர்ற அளவுக்கு அடிச்சு மேல மிதக்கவிடறாங்க. அந்த வாசனையிலதான் ஐயா எங்க வண்டி நின்னுச்சு.

உள்ள போனோம். கொழுந்தனார் மகளுக்குப் பதினஞ்சு வயசு, பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ் படிக்குது. மெனுவைப் படிச்சு, "பெரியப்பா, 'பழைய துணி' இருக்காம், வேணுமா?"ன்னு கேட்டுச்சு. என் வீட்டுக்காரரு பக்கத்துல இருக்கிற துவைக்கிற கடையைப் பார்த்தாரு. (பலத்த சிரிப்பு) மாட்டுக்கறியை நூல் நூலாப் பிரிச்சு தக்காளி, குடமிளகாய் போட்டுச் செய்யறதுக்கு அங்க அதுதான் பேரு, 'ரோப்பா வியேகா'.

அத்தை சுத்த சைவம். கடைக்கார அம்மா எழுபது தாண்டினவங்க, நெட்டையா, கழுத்துல கண்ணாடி தொங்குது. புள்ளை விவரம் சொல்லுச்சு. கறுப்பு பீன்ஸ் சாதம் இருக்கே, அதைச் சாப்பிடலாமேன்னு நான் கைகாட்டினேன். அந்த அம்மா வேகமாத் தலையை ஆட்டி, "வேண்டாம், அதுல பன்றிக்கறி போட்டுத்தான் வேக வெச்சிருக்கு"ன்னாங்க. ஐயா, அவங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரியாது. வியாபாரம் ஆச்சுன்னு விட்டிருக்கலாம். விடல. உள்ள போயி வேற சட்டி எடுத்து, புது எண்ணெய் ஊத்தி, பச்சை வாழைக்காயைக் கனமா வெட்டிப் போட்டாங்க.

வாழைக்காயைப் பார்த்ததும் எங்க அத்தை எழுந்து அடுப்பங்கரைக்கே போயிட்டாங்க! தடுக்க முடியுமா? பாதி வெந்ததை எடுத்து, கீல் போட்ட ரெண்டு பலகைக்கு நடுவுல வெச்சு ஒரு அமுக்கு. தட்டையாயிடுது. மறுபடி எண்ணெயில போட்டு மொறுமொறுன்னு எடுக்கிறாங்க. 'தொஸ்தோனெஸ்'னு பேரு. அத்தை அந்தப் பலகையை வாங்கி, தானே நாலு அமுக்கு அமுக்கினாங்க. அவங்க தமிழ்ல பேசறாங்க, இவங்க ஸ்பானிஷ்ல பேசறாங்க. சண்டை இல்லாத ரெண்டு பொம்பளைங்களை அடுப்பங்கரையில அன்னைக்குத்தான் பார்த்தேன். (சிரிப்பு, கைதட்டல்)

வெள்ளைச் சோறு, வேக வெச்ச மரவள்ளிக்கிழங்கு. அது மேல பூண்டு, எண்ணெய், நம்ம நார்த்தங்காய் மாதிரி ஒரு புளிப்பு ஆரஞ்சுச் சாறு. கறுத்துக் கனிஞ்ச வாழைப்பழத்தை வறுத்து ஓரத்துல. அத்தை தட்டைக் காலி பண்ணிட்டு, "இன்னும் ரெண்டு கிழங்கு"ன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரரு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. கேட்டா பூண்டுக் காரம்னாரு.

கல்லாவுக்கு மேல ஒரு பழைய போட்டோ. ஒரு பொண்ணு, ஒரு பையன். "யாரு?"ன்னு அத்தை கேட்டாங்க. புள்ளை மொழிபெயர்த்துச்சு. 1959-ல கியூபாவுல புரட்சி நடந்துச்சு. பிள்ளைகளை அரசாங்கமே எடுத்துக்கப் போகுதுன்னு ஒரு பேச்சு பரவி, 1960 டிசம்பர்ல இருந்து 1962 அக்டோபர் வரைக்கும் 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெத்தவங்க துணைக்கு ஆள் இல்லாம விமானத்துல மயாமிக்கு அனுப்பினாங்க. அதுல ரெண்டு பேர் இந்த அம்மாவும் தம்பியும். அப்ப அவங்களுக்கு 10 வயசு. ஏவுகணைத் தகராறுல விமானம் நின்னுபோச்சு. அப்பா அம்மா வந்து சேர்ந்தது 1966-ல. வாழைக்காய் அமுக்கக் கத்துக்குடுத்த பாட்டி வரவே இல்ல.

"போய்ப் பார்க்கலியா?"ன்னு அத்தை கேட்டாங்க. அந்த அம்மா பதில் சொல்லல. மேசையைத் துடைச்சாங்க. அத்தை அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க வீட்டுக்காரரு போயி ஒம்பது மாசம் ஆச்சும்மா"ன்னாங்க. புள்ளை அதை மொழிபெயர்க்கல. அவசியம் வரல.

ஒம்பது மாசத்துல வெளியாளுகிட்ட அத்தை அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, ஐயா.

மறுநாள் காலையில அட்டவணைப்படி 9 மணிக்கு அருங்காட்சியகம். அத்தை குளிச்சுத் தயாரா நிக்கிறாங்க. டிக்கெட்டைப் பத்திப் பேச்சே இல்ல. "அருங்காட்சியகம் இருக்கட்டும், மொதல்ல மார்க்கெட்டுக்கு விடு. வாழைக்காய் வாங்கணும், அந்தப் பலகையும் வேணும்"ன்னாங்க. கொழுந்தனார் அட்டவணையை நாலா மடிச்சு வண்டியில ஆடிக்கிட்டிருந்த கண்ணாடிக்கு முட்டுக் குடுத்தாரு. (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க. அந்தப் பலகை இப்ப எங்க வீட்டு அடுப்பங்கரையில இருக்கு, தீர்ப்பு சொல்லிட்டு நடுவர் ஐயா சாப்பிட வரலாம்.