உண்ணாத மனம்
(கட்சிக் கல்வி வட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்தபின் ஒரு தோழர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய இசைவோடுதான் இதைச் சொல்கிறேன். மனைவியை இழந்த நாள்முதல் அவர் இரவுகளில் உறக்கமின்றி, ‘நான் யார்’, ‘மனம் என்பது யாது’ என்று வினவும் நூல்களைப் படித்து வருகிறார். கிளையில் இதைச் சொன்னபோது சிலர் நகைத்தார்களாம். “தோழர், நான் செய்வது தவறா?” என்று கேட்டார். நகைத்ததுதான் தவறு என்றேன். அந்த இரவுகளில் அவருக்குத் துணையாக இருந்தவை நூல்களே, நாம் அல்லோம்.

ஆயினும் அந்த விடை போதாது. நூல்களையும் பார்க்க வேண்டும்.

அவற்றுள் பல, சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தைச் சான்றாகக் கொள்கின்றன. உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவுக்குக் கற்பிக்கும் பகுதி அது. அத்வைதிகள் போற்றும் ‘தத்வமசி’ என்னும் மகாவாக்கியம் அங்குதான் வருகிறது. ஆனால் அதே அத்தியாயத்தில், அதற்கு முன்பே, வேறொரு நிகழ்ச்சி இருக்கிறது. மனம் உணவாலானது என்கிறார் தந்தை. மகனுக்கு விளங்கவில்லை. பதினைந்து நாள் உண்ணாதிருக்குமாறும், தண்ணீரை மட்டும் வேண்டிய அளவு பருகுமாறும் பணிக்கிறார். பின்னர் வேதத்தை ஓதச் சொல்கிறார். கற்றது எதுவும் மகனின் நினைவில் எழவில்லை. உண்டு வருமாறு அனுப்புகிறார். உண்டு வந்தவன் கேட்டதற்கெல்லாம் விடை சொல்கிறான். பெருந்தீ அவிந்தபின் மின்மினியளவாய் எஞ்சிய தணலையும், புல்லிட்டு அதை மீண்டும் மூட்டுவதையும் தந்தை உவமையாகக் காட்டுகிறார்.

கண்ணை மூடித் தன்னுள் தேடிக் கண்ட முடிவன்று இது. செய்து பார்த்து அறிந்தது. ஜெர்மானிய அறிஞர் வால்டர் ரூபனும், ‘லோகாயதம்’ (1959) எழுதிய தேவிபிரசாத் சட்டோபாத்யாயாவும் உத்தாலகரைப் பொருள்முதல்வாதத்தின் பக்கம் வைத்துப் படித்ததற்கு இத்தகைய இடங்களே காரணம். அதற்காக அவரை நம் கட்சி உறுப்பினராக்கிவிட வேண்டாம்! அந்நூலின் ஐந்தாம் அத்தியாயம், தீய ஒழுக்கமுடையோர் நாயாகவும் பன்றியாகவும் சண்டாளராகவும் பிறப்பர் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. எல்லாம் ஒன்றே என்று நிறுவிய சங்கரர், பிரம்மசூத்திர உரையில் சூத்திரருக்கு வேதம் கற்கும் உரிமையில்லை என்கிறார். ‘நான் யார்’ என்னும் வினாவை எவர் எழுப்பலாம் என்பது பிறப்பால் தீர்மானிக்கப்பட்டிருந்தது. கடைகளில் கிடைக்கும் தன்னறிவு நூல்கள் மகாவாக்கியத்தை எடுத்துக்கொண்டு, பட்டினியையும் சண்டாளரையும் விட்டுவிடுகின்றன.

நகைத்த தோழர்களுக்கும் ஒரு சொல். பொருள்முதல்வாதம் என்னும் தொடரில் நடுவே நிற்கும் ‘முதல்’ என்பதை நாம் விழுங்கிவிடுகிறோம். பொருள் முதலாவது என்றால் மனம் அதனினின்று எழுவது என்று பொருளே தவிர, மனம் இல்லை என்று பொருளன்று. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். தொடக்க காலத்தில் ‘உணர்வு’, ‘மனம்’, ‘சிந்தனை’ ஆகியவற்றை ஓசை நயத்துக்கேற்ப மாற்றி மாற்றி எழுதிவந்தேன். மெய்ப்புத் திருத்திய முதிய தோழர் ஒருவர் அத்தனை இடங்களிலும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இவை மூன்றும் ஒன்றா?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்ற செருக்கு அன்று சற்றே குறைந்தது. வர்க்க உணர்வும் உணர்வு, பசியுணர்வும் உணர்வு, துணையை இழந்தவரின் துயரமும் உணர்வு என்றால், இவற்றுக்கிடையிலான உறவை விளக்கும் கடமை நமக்குண்டு. அதை நாம் செய்யாத இடத்தில்தான் அந்நூல்கள் வந்து அமர்கின்றன.

அத்தோழரிடம் சாந்தோக்கியத்தின் தமிழாக்கம் ஒன்றைக் கொடுத்து, ஆறாம் அத்தியாயத்தை இடையில் தொடங்காமல் முதலிலிருந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன். படித்தபின் தமக்குத் தோன்றியதை அடுத்த கூட்டத்தில் அவரே பேச இசைந்துள்ளார். கிளைத் தோழர்கள் அனைவரும் வர வேண்டும். நகைத்தவர்கள் சற்று முன்னதாகவே வந்து முன்வரிசையில் அமரலாம்.