பிணையாகப் போன இளவரசர்

குப்தர் பாடத்தில் ஹூணர் என்றதும் 'நாடோடிக் கொள்ளையர்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்வது என் வழக்கம். அதே காலத்தில் பாரசீகத்தின் கிழக்கு எல்லையில் நடந்ததைப் படித்த பிறகு கை தயங்குகிறது.

சாசானிய மன்னர் பெரோஸ் ஹெப்தலைட்டுகளிடம் சிறைப்பட்டார். மீட்புத்தொகை 30 கோவேறு கழுதைச் சுமை வெள்ளிக்காசு, தேறியது 20. மீதிக்கு மகன் கவாதைப் பிணை வைத்தார் என்கிறது ஒரு சிரியாக் வரலாற்று நூல். இனிப் படையெடுப்பதில்லை என்ற வாக்கை மீறி 484இல் மறுபடியும் போனார். நாணலும் மண்ணும் பரப்பி மறைத்திருந்த அகழியில் குதிரைப்படையோடு விழுந்து மாண்டார். வாக்குத் தவறியது யார் என்று பிள்ளைகளையே கேளுங்கள். அகழிக் கதையைச் சொல்லும் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோபியஸ், ஹெப்தலைட்டுகள் ஓர் அரசரின் கீழ் சட்டப்படி வாழ்பவர்கள், நாடோடிகள் அல்லர் என்றே எழுதுகிறார்.

பின்னாளில் பிரபுக்கள் கவாதை அரியணையிலிருந்து இறக்கினார்கள். அவர் ஓடியது அதே ஹெப்தலைட்டுகளிடம். அவர்கள் தந்த படையோடு 499 வாக்கில் மீண்டும் மன்னரானார்.

"எதிரிகிட்ட ஏன் சார் போனாரு?" என்றாள் ஒரு மாணவி. "சின்ன வயசுல அங்கதான இருந்தாரு, எல்லாரையும் தெரியும்ல" என்று பக்கத்து பெஞ்சிலிருந்து பதில் வந்தது. நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.