நின்னு போன வாட்ச்சும் ஒரு ஈர்க்குச்சியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



குழுவுக்கு ஒருத்தர், தான் கத்துக்கிட்ட ஒரு விஷயத்தைப் பேசணும்னு சொன்னாங்க. ஆடு வளர்ப்பு, மசாலாப் பொடி, தையல் எல்லாம் பேசிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சு, வீட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவள். எனக்குத் தெரிஞ்சது கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாத்துறது. சிரிக்காதீங்க. இதைக் கத்துக்கிட்ட அன்னிக்கே எனக்குப் பாதி உயிர் போய்த் திரும்பி வந்தது. அதையும் சொல்றேன்.

எங்க அப்பா காலத்து எச்.எம்.டி. வாட்ச்சுக்கு தினமும் சாவி கொடுப்பாங்க. இப்போ நாம கட்டுறது பெரும்பாலும் பேட்டரி வாட்ச். டவுன் கடையில் ஒரு தடவை பேட்டரி மாத்தக் கொடுத்தேன். "நாளைக்கு வாங்க"ன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க. பஸ் நமக்கு இலவசம்தான். ஆனா போன நாளுக்கு வேலைக் கூலி யார் தருவாங்க? கடைசியில் 150 ரூபாய் கொடுத்தேன். அவர் திறந்து மூடினது ரெண்டே நிமிஷம். நான் பக்கத்துல நின்னு கண் கொட்டாம பார்த்துக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரோட ஓடாத வாட்சைத் திறந்து பார்த்தேன். திறந்தது சுலபம், மூடி திரும்ப உட்காரலை. குழவிக்கல்லை வச்சு அழுத்தினேன். கண்ணாடி விரிசல் விட்டுப் போச்சு. "ஓடாத வாட்ச்தானே, விடு"ன்னார். அந்த விரிசல்தான் எனக்கு வாத்தியார்.

போன வருஷம் என் மூத்த மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஹாலுக்குள்ள செல்போன் கொண்டு போக முடியாது, முள் வாட்ச்தான் துணை. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. சனிக்கிழமை சாயங்காலம் விநாடி முள் ஒவ்வொண்ணாப் போகாம நாலு நாலு விநாடியாத் தாவிச்சு. பேட்டரி தீரப் போகுதுன்னு பல வாட்ச்ங்க இப்படித்தான் சொல்லும். ராத்திரி நின்னே போச்சு. ஞாயிறு டவுன்ல வாட்ச் கடை கிடையாது. "நான் திறக்கிறேன்"னேன். "அம்மா, நீ தொட்டா மொத்தமாப் போயிடும்"னு பிள்ளை அழுதாள். எனக்கும் கை நடுங்கிச்சு. ஆனாலும் திறந்தேன். எப்படின்னு வரிசையாச் சொல்றேன்.

முதல்ல சாவியைப் பாருங்க. அது வெளியே இழுத்திருந்தாலும் வாட்ச் நிக்கும். அழுத்தினா ஓடிடும், செலவில்லை.

அடுத்து வாட்சைத் திருப்பிப் பின் மூடியைப் பாருங்க. ஓரத்துல சின்னப் பள்ளம் இருந்தா அது நெம்பித் திறக்கிற மூடி. சின்ன ஸ்க்ரூ இருந்தா சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதும். மூடியே திருகுற மாதிரி, சுத்தி வெட்டு வெட்டா இருந்தா அதுக்குத் தனிக் கருவி வேணும், கடைக்கே கொடுங்க. தண்ணி புகாத வாட்சையும் கொடுத்துடுங்க. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் சரியா உட்காரலைன்னா தண்ணி இறங்கிடும்.

ஃபேனை நிறுத்துங்க. ஒரு தாம்பாளத்துல வெள்ளைத் துணி விரிச்சு அதுல வச்சுத் திறங்க. ஸ்க்ரூ உருண்டா அதுக்குள்ளேயே கிடக்கும். மழுங்கின சின்னக் கத்தியைப் பள்ளத்துல வச்சு லேசாத் திருகணும். கத்தி முனை நம்ம விரலைப் பார்த்து இருக்கக் கூடாது.

திறந்ததும் செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பேட்டரி எப்படி இருந்துச்சுன்னு மறக்காது. பொடி எழுத்தையும் பெருசு பண்ணிப் படிக்கலாம். பேட்டரியை எடுக்க ஊக்கோ ஊசியோ வேண்டாம், ரெண்டு பக்கத்தையும் இரும்பு தொட்டா பேட்டரி வீணாகும். தென்னை ஈர்க்குச்சி போதும். பிடிப்பு இருந்தா அதை மெதுவா விலக்கி எடுங்க. பக்கத்துல முடியை விடச் சன்னமா செம்புக்கம்பி சுத்தியிருக்கும். அதுல குச்சி பட்டு அறுந்தா அப்புறம் பேட்டரி மாத்தியும் ஓடாது.

என் மகள் வாட்ச்சுல எஸ்.ஆர். 626 எஸ்.டபிள்யூ.ன்னு இருந்தது. அதே பேட்டரியில் சில கம்பெனி 377ன்னு போடுவாங்க. 626ன்னா குறுக்களவு 6.8 மில்லிமீட்டர், கனம் 2.6 மில்லிமீட்டர். எஸ்.ஆர். வெள்ளி ஆக்சைடு வகை, நாள் நிறைய வரும். பக்கத்து ஊர் செல்போன் கடையில் எல்.ஆர். 626தான் கிடைச்சது. அளவு ஒண்ணுதான், ஆனா சீக்கிரம் தீரும். பரீட்சை முடிகிற வரைக்கும் போதும்னு 20 ரூபாய்க்கு வாங்கினேன். பிறகு சரியானதை மாத்திட்டேன்.

புதுசைத் துணியால துடைச்சு, ஓரத்தைப் பிடிச்சு வைக்கணும். பெரும்பாலும் எழுத்தும் கூட்டல் குறியும் இருக்கிற பக்கம் மேலே வரும். மூடியில் ஒரு வெட்டு இருந்தா அது சாவிப் பக்கம் வரணும். அதைக் கவனிக்காமத்தான் முதல் தடவை குழவியைத் தூக்கினேன். கண்ணாடிக்கு அடியில் மடிச்ச துணி வச்சு, ரெண்டு கட்டை விரலாலயும் அழுத்தினா "டக்"குன்னு உட்காரும். விநாடி முள் ஒவ்வொண்ணா ஓடிச்சு. பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிட்டாள்.

அந்தச் சந்தோஷத்துல பழைய பேட்டரியைத் தாம்பாளத்துலேயே விட்டுட்டேன். நாத்தனார் குழந்தைக்கு ரெண்டு வயசு. திரும்பிப் பார்த்தா வாய்க்குள்ள ஏதோ மினுங்குது. விரலை விட்டு எடுத்துட்டேன். மறுநாள் கிராம சுகாதார செவிலியர் சொன்னப்பதான் குலை நடுங்கிச்சு. தீர்ந்த பேட்டரியா இருந்தாலும், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் மாட்டினா ரெண்டு மணி நேரத்துலேயே சதையை அரிச்சிடுமாம். ரிமோட், எடை மெஷின்ல இருக்கிற பெரிய வில்லை பேட்டரி இன்னும் ஆபத்து. குழந்தை முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே 108 கூப்பிடுங்க, எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. "தானா வந்துடும்"னு காத்திருக்காதீங்க.

அதனால இப்போ நான் பழைய பேட்டரியை எடுத்த கையோட ரெண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, மூடி போட்ட டப்பாவுல மேல் அலமாரியில் வைக்கிறேன். டவுனுக்குப் போறப்ப வாட்ச் கடையில் கொடுத்துடுவேன். புதுசு வைக்கிறதுக்கு முன்னாடி இந்த வேலை முடியணும்.

எங்க குழுவுல இதுவரைக்கும் 11 வாட்ச் திறந்திருக்கேன். ரெண்டு ஓடலை, அதை மறைக்க மாட்டேன். நமக்கு வராதுன்னு நினைச்சு நாம கொடுத்து விடுற வேலையில் பாதி, பக்கத்துல நின்னு பார்த்தா வர்ற வேலைதான். வராத பாதி எதுன்னும் பார்த்தாத்தான் தெரியும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பந்தலுக்குப் பின்னாடி தாம்பாளத்தோட உட்கார்ந்திருப்பேன். நின்னு போன வாட்ச் இருந்தா கொண்டு வாங்க. நீங்களே திறங்க, நான் பக்கத்துல இருக்கேன். குழந்தையை மட்டும் யார்கிட்டயாவது கொடுத்துட்டு வாங்க.